பெர்ச் மீனும் பெர்ச் கம்பும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலம் படிக்கும்போது மீன் பெயர்கள் வேறு பொருளில் வந்து என்னைக் குழப்புகின்றன. பறவை கிளையில் உட்கார்ந்தால் பெர்ச், அது ஒரு மீனின் பெயரும்கூட. பனியில் சறுக்குவது ஸ்கேட், அதுவும் மீன். ஓயாமல் குறை சொல்வது கார்ப், அதுவும் மீன். கெண்டை வகை மீன்கள் எந்நேரமும் சேற்றைக் கிளறுவதால்தான் கார்ப் என்றால் நச்சரிப்பது என்று ஆனது என்கிறார் நண்பர். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்ன கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. கார்ப் என்ற மீன் பெயர் பிற்கால லத்தீனில் இருந்து வந்தது. குறை சொல்லும் கார்ப், ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழிச் சொல். அங்கே அதற்குப் பீற்றிக்கொள்வது என்று பொருள். 'பிடுங்கு' என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினையின் சாயல் பின்னால் அதில் ஏறியதால் குறை சொல்வதாக மாறியது. மீனுக்கு இதில் பங்கே இல்லை.

பெர்ச் இன்னும் சுவையானது. மீன் பெயர் கிரேக்கத்தில் தொடங்கி லத்தீன் வழியாக வருகிறது. பறவை உட்காரும் பெர்ச்சுக்கு மூலம் லத்தீன் பெர்ட்டிகா, அதாவது கம்பு. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் இரண்டும் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. ஆங்கிலம் அந்த இரட்டையை அப்படியே வாங்கிக்கொண்டது. ஸ்கேட் மீன் நார்ஸில் இருந்து வந்தது, சறுக்கும் ஸ்கேட் டச்சில் இருந்து. டச்சுச் சொல்லின் கடைசியில் இருந்த 'ஸ்' ஒலியைப் பன்மை விகுதி என்று நினைத்து ஆங்கிலேயர்கள் வெட்டிவிட்டார்கள். அதனால்தான் மீனோடு ஒத்துப்போனது. பாஸ் மீனுக்கும் இசையில் வரும் பேஸுக்கும் எழுத்துதான் ஒன்று, உச்சரிப்புகூட வேறு.

அப்படியென்றால் எல்லாமே தற்செயலா? இல்லை. ஸோல் மீனைப் பாருங்கள். லத்தீனில் ஸோலியா என்றால் செருப்பு. தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும் மீனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். ஷூவின் அடிப்பாகமான ஸோலும் அதே சொல்தான். நாம் அந்த வடிவத்தில் நாக்கைப் பார்த்து நாக்கு மீன் என்கிறோம், ஜெர்மானியர்களும் கடல்நாக்கு என்றே சொல்கிறார்கள். ஆனால் 'ஒரே ஒரு' என்ற பொருளில் வரும் ஸோல் முற்றிலும் வேறு. பைக் மீனின் பெயர் கூர்முனை என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது, அதன் கூர்மையான மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். டிரம் மீன் உண்மையிலேயே முழங்கும். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை வேகமாக அதிரச் செய்து அந்த ஒலியை எழுப்புகிறது.

அப்புறம் ரெட் ஹெர்ரிங். அந்தப் பெயரில் தனி மீன் இனம் கிடையாது. ஹெர்ரிங் மீனை உப்பிட்டு நன்றாகப் புகை காட்டினால் செம்பழுப்பாகி, கடும் வாடை வீசும். திசைதிருப்பும் விஷயம் என்ற பொருள் பரவக் காரணம் வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர். சிறுவயதில் முயலைத் துரத்தும் நாய்களை இந்த மீனின் வாடையால் வேறு பக்கம் இழுத்ததாக 1807-ல் ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைத் தாக்கத்தான் அந்தக் கதை. வேட்டை நாய்களைப் பழக்க இந்த மீனைப் பயன்படுத்திய வழக்கத்தில் இருந்து இந்தப் பொருள் வந்ததாக இன்றும் பலர் சொல்வதை நம்பாதீர்கள்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் நல்ல அகராதி ஒன்றில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் வரியைப் பாருங்கள். தலைச்சொல்லுக்கு மேலே இருக்கும் 1, 2 என்ற சிறிய எண்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மீன் ஸோலையும் ஷூ ஸோலையும் பல அகராதிகள் எண் போட்டுப் பிரித்திருக்கும், ஆனால் பிறப்பு வரியில் இரண்டுக்கும் அதே செருப்புதான் இருக்கும்.