கரிமருந்துத் துப்பாக்கியைத் தபாலில் அனுப்பலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் எச்1பி விசாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது சுவரில் மாட்டியிருந்த .50 காலிபர் துப்பாக்கியை எனக்குக் கொடுத்துவிட்டார். 1970களில் தனித்தனிப் பாகங்களாக (கிட்) வாங்கி அவரே கோத்தது, குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் நண்பர் சுட்டுப் பழக அதை மெசேஜில் கேட்கிறார். பாதி டப்பா கரிமருந்தும், அதைப் பற்றவைக்கும் கேப்பும்கூட இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். "சட்டப்படி இது துப்பாக்கியே இல்லை" என்கிறார்களே, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாமா?

பதில்: ஒரே பெட்டியில் கூடாது. துப்பாக்கியையும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் "துப்பாக்கி" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே பழங்காலத் துப்பாக்கி அதில் சேராது என்று ஒதுக்கிவிடுகிறது. 1898 வரை செய்தவை மட்டும் அல்ல, கரிமருந்தில் மட்டுமே சுடக்கூடிய, தோட்டா போட முடியாத, வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள் நேற்று செய்ததாக இருந்தாலும் அந்த விலக்குக்குள் வரும். நம் ஊரில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்று தெரிந்த நமக்கு இது நம்பவே முடியாததாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இது உங்களுக்கு ஒரு அமெரிக்கரைவிடப் பெரிய விஷயம். விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம், 2022க்குப் பிறகு 15 ஆண்டுவரை சிறை. உங்கள் கையில் இருப்பது பழங்கால வகை என்பதால்தான் அந்தப் பிரிவு உங்களைத் தொடவில்லை. அதனால் வேறு எதையும் செய்யும் முன் அது உண்மையிலேயே அந்த வகைதானா என்று பாருங்கள். குழலை மாற்றினால் தோட்டா சுடும் மாடல்கள் சில உண்டு. தாம்சன் சென்டர் என்கோர், மாஸ்பெர்க் 500இல் கரிமருந்துக் குழல் பொருத்தியது, இவை எல்லாம் பார்க்க உங்களுடையதைப் போல வாய்வழி கெட்டிப்பதாக இருந்தாலும் சட்டத்துக்கு முழுத் துப்பாக்கிதான். நீங்கள் அனுப்பிய படத்தில் பக்கவாட்டில் குதிரையும் (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தி) அதற்குக் கீழே கேப்பு மாட்டும் முலையும் தெரிகின்றன, ஹாக்கன் என்ற பழைய அமெரிக்க ரைஃபிளின் பாணி. அது சரியாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, சிக்கல் எங்கே என்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம். டெலவேர் நதியைத் தாண்டினால் விளக்கம் மாறிவிடும். நியூ ஜெர்சியிலும் பழைய ரைஃபிளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ வரலாற்று மதிப்புக்காகவோ வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் நண்பர் உங்களுக்கு அனுப்பிய மெசேஜிலேயே "சுட்டுப் பழகணும்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி போதும், விலக்கு போய்விடும். அப்புறம் அவர் ஊர்க் காவல் துறையிடம் துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும், தனியாருக்குள் கைமாறுவதும் உரிமம் பெற்ற டீலர் வழியாக நடக்க வேண்டும். காரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இதே கதைதான். 2014இல் அந்த மாநிலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 72 வயது, 18ஆம் நூற்றாண்டுச் சக்கிமுக்கி (கேப்புக்குப் பதில் கல் உரசும் பொறியில் சுடும்) கைத்துப்பாக்கியைக் காரில் வைத்திருந்ததற்காகக் கைதானார். அதில் மருந்துகூட இல்லை. அடுத்த ஆண்டு வழக்கைக் கைவிட்டார்கள், அதுவரை அந்த மனிதர் பல ஆண்டு சிறை என்ற பயத்திலேயே இருந்திருப்பார். விசாவில் இருக்கும் ஒருவருக்கு, பிறகு கைவிடப்படும் வழக்குகூட எத்தனை இடத்தில் கேள்வியாக வரும் என்பதை நான் என் அலுவலகத்தில் தினம் பார்க்கிறேன்.

ஆகவே முதலில் நண்பர் அட்டை வாங்கட்டும். பிறகு அவர் பக்கத்து டீலர் ஒருவரிடம் பேசி, "தனியாரிடமிருந்து வரும் கரிமருந்து ரைஃபிளைப் பெற்று எனக்குக் கைமாற்றித் தருவீர்களா" என்று எழுத்தில் கேட்கட்டும். சம்மதம் வந்த பின் நீங்கள் டீலர் பெயருக்கு அனுப்புங்கள். எதைத் தபாலில் அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று சொல்லும் அமெரிக்கத் தபால் துறையின் பப்ளிகேஷன் 52 பழங்காலத் துப்பாக்கிகளைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறது. கவுன்டரில் "கன்" என்ற சொல்லைக் கேட்டதும் முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள், அதனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பெட்டியை வீட்டிலேயே ஒட்டிக் கொண்டுபோங்கள், வெளியே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவையில் போடுங்கள். தனியார் கூரியர் என்றால் அந்த நிறுவனத்தின் விதிதான் சட்டம் மாதிரி. உள்ளே இருப்பதை அவர்களிடம் மறைத்து அனுப்பாதீர்கள்.

கட்டும் முன் ஒரு வேலை, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சுவரில் பல வருடம் தொங்கிய துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருப்பது நடக்கிற விஷயம், கரிமருந்து காய்ந்தே இருந்தால் அத்தனை வருடத்துக்குப் பிறகும் வெடிக்கும். கேப்பு மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கம்பை எடுத்து, வாய்க்கு நேராக முகத்தையோ கையையோ வைக்காமல் உள்ளே மெதுவாக விடுங்கள். வாய் விளிம்பில் கம்பின்மேல் ஒரு கோடு போட்டு வெளியே எடுங்கள். அதே கம்பை, கோடு வாய் விளிம்புக்கு நேராக வரும்படி, குழலின் வெளிப்பக்கமாக ஒட்டி வைத்துப் பாருங்கள். கம்பு நுனி முலை இருக்கும் இடம்வரை வந்தால் உள்ளே காலி. இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, நீங்களே நோண்ட வேண்டாம், சுட்டுக் காலி செய்யவும் வேண்டாம், மெக்கானிக்குப் போன் போடுங்கள்.

கரிமருந்தும் கேப்பும் தபாலில் எந்த வகையிலும் போகாது, இரண்டும் வெடிபொருள், தெரிந்தே போட்டால் அதுவே தனிக் குற்றம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பென்சில்வேனியாவில் சக்கிமுக்கி மான் வேட்டைப் பருவம் தொடங்கும், அதற்குத் தயாராகும் கரிமருந்துக் கிளப் உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கும். டப்பாவை அங்கே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அதுவரை கராஜில் வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.