கேட்டு வாங்க வேண்டிய கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குளுக்கோமா எனும் கண்ணழுத்த நோயினால் என் பார்வை பெருமளவு குறைந்துவிட்டது. கணக்காய்வு அலுவலகமொன்றில் பணிபுரியும் நான் இனி, திரையிலுள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடுதான் வேலையைத் தொடர வேண்டும். புதிய மடிக்கணினி வாங்கச் சென்றபோது, பெரிய திரையும் தனி கிராபிக்ஸ் அட்டையும் உள்ளதையே வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கண்ணால் கணினியைப் பாவிப்பவருக்கு எது பெருமையோ அதையே கடைக்காரர் உங்களுக்கும் காட்டியிருக்கிறார். தனி கிராபிக்ஸ் அட்டை விளையாட்டுகளுக்கும் காணொளித் தொகுப்புக்கும் உரியது. உங்கள் வேலைக்கு அது வேண்டியதில்லை, மின்கலத்தைத்தான் விரைவில் தீர்க்கும். திரையைப் பொறுத்தவரை, எஞ்சியுள்ள பார்வையை இன்னும் சிறிது காலம் பயன்படுத்த விரும்பினால் கூசாத, மினுக்கமற்ற திரையாகத் தெரிவு செய்யுங்கள். அதற்கு மேல் அதற்காகச் செலவிட வேண்டாம்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேகம். விசையைத் தொட்டவுடன் குரல் வரவேண்டும். எக்செல் தாளில் ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் ஒவ்வொரு முறையும் குரல் அரை வினாடி பிந்தினால், மாலைக்குள் பொறுமை முழுவதும் தீர்ந்துவிடும். ஆகவே 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகம், ஐ5 அல்லது ரைசன் 5 தரத்திலான செயலி ஆகியன இருந்தால் போதும். பழைய சுழல் வன்தட்டு உள்ள கணினியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது விசைப்பலகை. இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை தவறினேன். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, பணம் கொடுத்து வாங்கும் ஜோஸ் ஆகிய இரு திரைவாசிப்பான்களிலும் பெரும்பாலான கட்டளைகள் இன்சேர்ட் விசையோடு சேர்த்தே அழுத்தப்படுகின்றன. நான் வாங்கிய சிறிய மடிக்கணினியில் அந்த விசை வேறொரு விசைக்குள் ஒளிந்திருந்ததால், எஃப்என் விசையையும் பிடித்துக்கொண்டு மூன்று விரல்களால் வித்தை காட்ட வேண்டியிருந்தது. கெப்ஸ் லொக் விசையை அதற்குப் பதிலாக அமைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு வேலை செய்யும் உங்களுக்கு வலப்பக்கத்தில் தனி எண்பலகை உள்ள 15.6 அங்குலக் கணினியே உகந்தது. என்விடிஏயில் அந்த எண்பலகையின் 7, 8, 9 விசைகள் முந்தைய, தற்போதைய, அடுத்த வரிகளையும், 4, 5, 6 விசைகள் சொற்களையும், 1, 2, 3 விசைகள் எழுத்துகளையும் வாசிக்கும். புதிய கணினிகள் சிலவற்றில் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையோ, வலச்சொடுக்குப் பட்டியைத் திறக்கும் பட்டி விசையோ இருந்த இடத்தை, மைக்ரோசொப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அழைக்கும் கோபைலட் விசை பிடித்துக்கொண்டுள்ளது. பட்டி விசை இல்லாதபோது ஷிப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் அதே பட்டி திறக்கும்.

ஒலிக்கு, கம்பியுள்ள ஹெட்போனைச் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத் ஹெட்போன்களில் குரல் சற்றுப் பிந்துவதோடு, சில வேளைகளில் சொல்லின் முதலெழுத்தும் விழுங்கப்படும். தொகையை வாசிக்கும்போது முதல் இலக்கம் விழுங்கப்பட்டால் என்னவாகும் என்பதைக் கணக்காய்வாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் போகுமுன் என்விடிஏயின் கையடக்கப் பிரதியொன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதனை நிறுவாமலே இயக்கலாம். கடைக்காரர் அதற்கு உடன்படாவிட்டால், கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள்; விண்டோஸுடன் வரும் நரேட்டர் எனும் திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். கால்மணி நேரம் உட்கார்ந்து தட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். விண்டோஸ் ‘எஸ் மோட்’ எனும் நிலையில் விற்கப்படும் கணினியாயின், மைக்ரோசொப்ட் அங்காடிக்கு வெளியிலுள்ள மென்பொருள்களை அது நிறுவ விடாது. கட்டணமின்றி அந்நிலையிலிருந்து வெளியேறலாம், ஆனால் மீண்டும் திரும்ப முடியாது. பாவித்த கணினியை வாங்க எண்ணினால், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்தது என்பதையும், எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகளுக்குப் பார்வையில்லை. புதிய கணினி வாங்கிக் கொடுத்தும், ஆசிரியர்கள் அனுப்பும் தமிழ்க் குறிப்புகளை அது ஏதோ ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. இதைவிட விலைகூடிய கணினி வாங்க வேண்டுமா?
- தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். குறிப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பாமினியில் ‘அம்மா’ என்பது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்திருக்கும்; திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளால் அதனை, தமிழெழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். அதைவிட, யூனிகோடில் தட்டச்சுச் செய்யும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. தமிழை வாசிக்க என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் குரல் உண்டு. கேட்க இயந்திரத்தனமாக இருந்தாலும் மிக வேகமாகப் பேச வல்லது. விண்டோஸில் தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்தால் ‘வள்ளுவர்’ எனும் குரலும் கிடைக்கும். பெயருக்கேற்ற சுருக்கம் அவரிடம் இல்லை, எல்லாவற்றையும் வாசிப்பார். ஆனால் நீண்ட பாடங்களைக் கேட்க அவரே இதமானவர்.

கேள்வி: மெக் கணினி இதற்குச் சிறந்தது என்கிறார்களே?
- வாசகர், தெஹிவளை

பதில்: அதிலுள்ள வொய்ஸ்ஓவர் எனும் திரைவாசிப்பான் 2005 முதல் இயங்குதளத்துடனேயே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆயினும் அதன் கட்டளைகள் வேறு. என்விடிஏயும் அதில் இயங்காது. அலுவலகமும் நண்பர்களும் விண்டோஸில் இருக்கையில் நீங்கள் மட்டும் மெக் வாங்கினால், சிக்கல் ஒன்று வரும்போது பக்கத்து மேசையில் உதவி கேட்க ஆளிருக்காது.