பவளத் தொட்டிக்கு எந்த மணல்? கேள்விகளும் பதில்களும்

சென்னையில், இரண்டாவது மாடி வீட்டுக் கூடத்தில், பதினோரு வருடமாக ஒரு பவளத் தொட்டியை, அதாவது உப்புநீரில் உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று முறை மணல் மாற்றியாயிற்று. அதில் இரண்டு முறை என் முட்டாள்தனத்தால். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து: அண்ணா, கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஒரு மூட்டை மணல் அள்ளிக் கழுவிப் போட்டால் ஆகாதா? கடையில் கேட்கிற விலை கட்டுப்படியாகவில்லை.

மூட்டையைத் தூக்குமுன் ஒரு பிடி மட்டும் எடுத்துப் பாருங்கள் தம்பி. கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் மணலைப் போட்டு, சமையலறை வினிகரை ஊற்றுங்கள். பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்பு மணல், அதாவது சிப்பியும் பவளமும் உடைந்து உண்டானது. சும்மா கிடந்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அடுத்து, மணலைக் காயவைத்துக் காகிதத்தில் பரப்பி, நல்ல வலுவான காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு மேலே ஓட்டுங்கள். என் மைத்துனர் குமரி மாவட்டத்திலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்த மணலில் அப்படிச் செய்தபோது, காந்தத்துக்கு இரண்டு நாள் தாடி முளைத்தது மாதிரி கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டன. அது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கவே ஆலை இருக்கிறது. சிவப்பாக மினுக்குவது கார்னெட்.

இதைப் போட்டால் மறுநாளே மீன் செத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். தொல்லை வேறு விதத்தில் வரும். கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானில் இப்படி ஒரு துகள் ஏறிக்கொண்டு, ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு போட்டுவிடும். அந்தக் கீறல் தொட்டியோடு இருக்க வேண்டியதுதான். எண்ணெயும் சாக்கடையும் கலந்த கரை மணலைக் கழுவி முழுக்கச் சுத்தம் செய்யவும் வழியில்லை. கடற்கரை மணல் அள்ளச் சட்டத்திலும் தடை இருக்கிறது. வேண்டாம்.

கோவையிலிருந்து: சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி வந்தே தீரும் என்கிறார் கடைக்காரர். உண்மையா சார்?

சிலிக்காவுக்குப் பயப்படுவதென்றால் முதலில் தொட்டியின் கண்ணாடிக்குப் பயப்பட வேண்டும். அதுவும் பெரும்பகுதி சிலிக்காதான். குவார்ட்ஸ் நீரில் அவ்வளவு எளிதில் கரையாது. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் பழுப்பாகப் படிவது டயாட்டம், சிலிக்காவால் ஓடு கட்டும் நுண்பாசி. எந்த மணல் போட்டாலும் வரும், தானாகப் போகும். போகவே மாட்டேன் என்று நின்றால், நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கும், வீட்டு ஆர்.ஓ. மட்டும் அதை முழுதாக நிறுத்தாது, பின்னால் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் வேண்டும். சிலிக்கா மணலை நான் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. உடைத்துச் சலித்த மணல் கூர்மையாக இருக்கும், மணலுக்குள் படுக்கும் மீனின் வயிற்றைக் கிழிக்கும்.

மதுரையிலிருந்து: அரகோனைட் போட்டால் கால்சியமும் பிஹெச்சும் தானாக நிற்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே?

பாக்கெட்டில் என்னதான் போடமாட்டார்கள்! அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட். பவளத்தின் எலும்புக்கூடும் அதுவே. அது கரைய அமிலத்தன்மை வேண்டும். நம் தொட்டி நீரின் பிஹெச் 8.0 முதல் 8.3 வரை இருக்கும். அதில் அது கல்லாகவே கிடக்கும். கால்சியம் ரியாக்டரில் இதே பொருளைக் கரைக்க, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பிஹெச்சை 6.5 அளவுக்கு இறக்குகிறார்கள். மணலின் அடி ஆழத்தில் கொஞ்சம் கரையலாம். ஆனால் வளர்கிற அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அல்கலினிட்டியை, அதாவது பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவை, வாராவாரம் சோதித்து, குறைகிற அளவுக்கு நீங்கள்தான் ஊற்ற வேண்டும். ஜன்னலெல்லாம் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி இரவு பிஹெச் இறங்கினால், அதற்கும் மணலிடம் மருந்து இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

அப்புறம் எதற்கு அரகோனைட் வாங்குவது? கூர் மழுங்கிய மணிகள், ஒரே அளவு, வேண்டாத கனிமம் இல்லை, பார்க்கவும் பவளத்திட்டு மாதிரியே இருக்கும். மாலத்தீவில் பளீரென்று தெரியும் வெள்ளை மணலில் பெரும்பங்கு, கிளி மூக்கு மீன்கள் பவளப்பாறையைக் கடித்து அரைத்துப் பின்பக்கமாக விட்டது என்பது தெரியுமா? தேனிலவுப் படங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

சென்னையிலிருந்து: 3 அடிக்கு 1½ அடித் தொட்டி. எந்த அளவு மணல், எத்தனை கிலோ?

மில்லிமீட்டர் கணக்கைவிட சமையலறைக் கணக்கு எனக்குச் சுலபம். ரவைப் பதம், கடுகுப் பதம், உளுந்துப் பதம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். ரவைப் பதம் அழகாக இருக்கும், ஆனால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு மூலையில் குவிந்து, மறு மூலையில் கண்ணாடி தெரியும். உளுந்துப் பதம் என்பது உடைத்த பவளம். மிச்சத் தீனியும் கழிவும் இடுக்கில் இறங்கி அழுகி, நைட்ரேட் கிடங்காகிவிடும். வாராவாரம் சைஃபன் போட்டு உறிஞ்சுகிற பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். நடுவில் இருக்கும் கடுகுப் பதம், 1 முதல் 2 மில்லிமீட்டர், பலவகைப் பவளங்கள் சேர்ந்த பெரும்பாலான கலப்புத் தொட்டிகளுக்குச் சரி.

ஆழம் 4 செ.மீ. போதும். 90 × 45 × 4 என்று பெருக்கினால் 16,200 கன செ.மீ., அதாவது சுமார் 16 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, ஆக 24 கிலோ. பாறைகள் உட்காரும் இடத்தைக் கழித்தால் 20 கிலோ வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: 15 செ.மீ. ஆழத்துக்கு மணல் போட்டால் நைட்ரேட் தானாகக் குறையும் என்கிறார்களே?

குறையும், பொய்யில்லை. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற விஞ்ஞானி 1980களில், மணலுக்கு அடியில் நீர் நிற்கும் வெற்றிடம் விட்டு இப்படித் தொட்டிகளை நடத்திக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ரான் ஷிமெக் என்ற விலங்கியலாளர், வெற்றிடம் இல்லாத ஆழ மணல் முறையைப் பிரபலமாக்கினார். ஆழத்தில் ஆக்சிஜன் போய்ச் சேராது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, மிஞ்சும் நைட்ரஜன் குமிழியாகப் போய்விடும். இதற்கு ரவைப் பதம்தான் வேண்டும், 10 செ.மீ.க்குக் குறையவும் கூடாது. மேலே கிளறிக்கொண்டே இருக்கப் புழுக்களும் நத்தைகளும் வேண்டும். ஆறேழு செ.மீ. போட்டு நிறுத்துகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்: நைட்ரேட்டும் ஒழுங்காகக் குறையாது, சுத்தம் செய்யவும் முடியாது.

என் முதல் தொட்டி இப்படி 12 செ.மீ. மணல் கொண்டது. ஐந்து வருடம் நன்றாகவே ஓடியது. வீடு மாறும் நாளில், வேன் வாசலில் நிற்கிற அவசரத்தில், மீன்கள் உள்ளே இருக்கும்போதே மணலைக் கையால் அள்ளினேன். மேலே வெள்ளை, நடுவில் சாம்பல், அடியில் தார் மாதிரி கறுப்பு. கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு. பத்து நிமிடத்தில் இரண்டு கோமாளி மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. எனவே ஆழ மணல் வைத்தால் அதைக் கிளறாதீர்கள். கலைக்க வேண்டுமானால் மீன், பவளம் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஆழ மணலே வேண்டாம் என்பேன்.

திருச்சியிலிருந்து: மணலே போடாவிட்டால்?

தாராளமாக. அக்ரோபோரா மாதிரி கடும் நீரோட்டம் கேட்கும் பவளங்களே முக்கியம் என்றால் வெறும் கண்ணாடித் தளம்தான் வசதி. கழிவு கண்ணுக்குத் தெரியும், உறிஞ்சிவிடலாம். நாளடைவில் கண்ணாடியில் ஊதாப் பாசி படர்ந்து மூடிவிடும். எனக்கு ஏனோ அது மீன் தொட்டி மாதிரி தெரிவதில்லை, ஆய்வுக்கூடம் மாதிரி இருக்கிறது. அது என் கண்ணின் கோளாறு.

சென்னையிலிருந்து இன்னொருவர்: ஹாலிகோரஸ் ராஸ், ஜாஃபிஷ், மணல் சலிக்கும் கோபி மூன்றும் ஆசை. எந்த மணல்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். மீனை முடிவு செய்துவிட்டால் மணல் தானாக முடிவாகிவிடும். ஹாலிகோரஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். மெல்லிய மணல், ஐந்து செ.மீ.யாவது வேண்டும். மணல் இல்லாத தொட்டியில் விட்டால் முதல் நாள் இரவே கண்ணாடியில் முட்டி முட்டிக் காயப்படுத்திக்கொள்ளும். ஜாஃபிஷ் வளை கட்டுகிற கொத்தனார். அதற்குப் பத்து செ.மீ.க்கு மேல், ரவையோடு உளுந்துப் பதமும் சின்னக் கற்களும் கலந்து தர வேண்டும், இல்லாவிட்டால் வளை சரிந்துவிடும். கோபி மட்டும் வேண்டாம். வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து, அதிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னும். மூன்றடித் தொட்டியில் அந்தத் தீனி சீக்கிரம் தீர்ந்து, மெலிந்து செத்துப்போகும். போகும்வரை பவளத்தின் தலையில் மணலையும் கொட்டிக்கொண்டிருக்கும்.

இராமநாதபுரத்திலிருந்து: மண்டபம் பக்கம் செத்த பவளத்துண்டுகள் கரை ஒதுங்கிக் கிடக்கின்றன. செத்ததுதானே, எடுக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளங்கள் இருக்கின்றன, புலியோடு ஒரே வரிசையில். செத்த துண்டும் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கடையில் ‘நாட்டு லைவ் ராக்’ என்று, நம் கடலிலிருந்து எடுத்த உயிர்கள் குடியிருக்கும் பாறையை யாராவது காட்டினாலும் வாங்காதீர்கள். செயற்கைப் பாறை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, ஈரமாகப் பையில் வரும் ‘லைவ் சேண்ட்’ காசுக்குத் தகுமா? கழுவ வேண்டுமா?

ஈரப் பையைக் கழுவக் கூடாது, அதிலுள்ள பாக்டீரியாவுக்குத்தானே காசு. ஆனால் காய்ந்த மணலை வாங்கி, நன்றாக ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கை மேல்மணலைக் கலந்தால் சில வாரங்களில் அதே பலன். காய்ந்த மணலை மட்டும் தண்ணீர் தெளியும்வரை, அரிசி களைகிற மாதிரி களையுங்கள்.

சேலத்திலிருந்து: முதலில் பாறையா, மணலா?

பாறை. மணல்மேல் பாறையை வைத்தால், அடியில் ஒரு நண்டோ இறாலோ தோண்டினால் போதும், முழுக் கோட்டையும் ஒரு ராத்திரியில் சரியும். பாறை கண்ணாடித் தளத்திலேயே உட்காரட்டும். பிறகு ஒரு பி.வி.சி. குழாயைத் தளம்வரை இறக்கி, அதன் வழியாக மணலைக் கொட்டுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு நாள் பால் மாதிரிதான் இருக்கும். பதறிப்போய்த் தண்ணீரை மாற்ற வேண்டாம். ஃபில்டர் பஞ்சை மட்டும் காலையும் மாலையும் பிழிந்து போடுங்கள்.