கிரேடு முடிஞ்சாச்சு, அடுத்து எந்த புக்? – பியானோ கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு பரீட்சை (ஒன்று முதல் எட்டு வரை படிகள், அதற்குமேல் டிப்ளமா) முடிந்து சர்டிபிகேட் கைக்கு வந்ததும் பெற்றோர், கொயர்க்காரர்கள், பழைய மாணவர்கள் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து புத்தகம் பற்றிக் கேட்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

டீச்சர், எம்மவ அஞ்சாம் கிரேடு முடிச்சிட்டா. ஆறாம் கிரேடு புக்கையே வாங்கிரலாமான்னு அவ அப்பா கேக்காவ. – சமாதானபுரம்

வாங்குங்கள், ஆனால் அது மட்டும் போதாது. பரீட்சைப் புத்தகத்தில் உள்ள பீஸ்களில் மூன்றை எடுத்து வருஷம் பூராவும் அதையே தேய்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். சர்டிபிகேட் வரும், ஆனால் புதுத் தாளை நீட்டினால் பிள்ளை முழிக்கும். சைட் ரீடிங்கில் மார்க் போவதும் இதனால்தான்.

பரீட்சைப் புத்தகத்தோடு ஒரு இசையமைப்பாளர் முழுசாக எழுதிய சின்னத் தொகுப்பு ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். நான் முதலில் சொல்வது ஷூமான் 1848-இல் எழுதிய ஓபஸ் 68 (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்), இளையோருக்கான ஆல்பம். மொத்தம் 43 பீஸ். அவரே அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: முதல் 18 சின்னவர்களுக்கு, 19-இலிருந்து பெரியவர்களுக்கு. உங்கள் மகள் முதல் பாதியை ஒரு மாசத்தில் சும்மா வாசித்துத் தள்ளலாம். இரண்டாம் பாதி இரண்டு வருஷத்துக்கு வரும்.

கைப்பயிற்சிக்கு புர்க்முல்லர் ஓபஸ் 100-ஐ இந்நேரம் பார்த்திருப்பாள். அதிலுள்ள அரபெஸ்க்கை வாசிக்காத பியானோ பிள்ளை நம் ஊரில் அபூர்வம். அடுத்து எல்லோரும் செர்னியின் பயிற்சிப் புத்தகங்களுக்குத் தாவுவார்கள். நான் ஹெல்லரைச் சொல்வேன். ஓபஸ் 47, பிறகு 46, பிறகு 45 என்று எண் இறங்க இறங்கக் கஷ்டம் ஏறும், கடையில் குழம்பிவிட வேண்டாம். செர்னி விரலுக்கு நல்லதுதான், ஆனால் பதினொரு வயசுப் பிள்ளையைப் பியானோ பக்கமே வராமல் பண்ணிவிடவும் அவரால் முடியும்.

பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்கள் பதினைந்தும் இந்த வருஷமே ஆரம்பிக்கலாம். முதலாவதையும் எட்டாவதையும் முதலில் கொடுங்கள். பீத்தோவன் ஓபஸ் 49-இன் இரண்டு சின்ன சொனாட்டாக்களுக்காக முழு சொனாட்டா வால்யூம் இப்போது வேண்டாம், தனியாகவே கிடைக்கும்.

"நூறு சிறந்த பியானோ பீஸ்கள்"னு தடியா ஒரு புக் சல்லிசா கிடைக்கு. வாங்கலாமா? – வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவர்

தம்பி, அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே இரண்டு இடத்தைத் திறந்து பாருங்கள்.

ஒன்று, பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா முதல் மூவ்மென்ட். வரியின் தொடக்கத்தில் நாலு ஷார்ப் (♯) இருக்க வேண்டும். அங்கே ஒற்றை ஃபிளாட் (♭) இருந்தால், டி மைனருக்கு மாற்றி எளிமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு, ஃபியூர் எலீஸ். எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பகுதியோடு ஒரே பக்கத்தில் முடிந்தால் அது முழுசு இல்லை. நடுவில் எஃப் மேஜரில் ஒரு பகுதி, பிறகு இடது கை ஒரே 'ஏ'-யைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பகுதி, இரண்டும் வேண்டும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். தைரியமாக வாங்குங்கள். சுருக்கமாக இருந்தால் ஆரம்ப நிலைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாம், உங்களுக்கு வேண்டாம். சுருக்கத்தில் பழகின விரல் மூலத்துக்குப் போகும்போது இரட்டை வேலை. பழகினதை மறக்க வேண்டும், அப்புறம் புதுசாகப் படிக்க வேண்டும்.

மூலமாகவே இருந்தாலும் நூறு பீஸ் தொகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் கிரேடும் எட்டாம் கிரேடும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். எந்தத் தொகுப்பானாலும் நடுவில் நாலைந்து பக்கம் திறந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இன்றைக்கே ஓரளவு வர வேண்டும், இன்னொரு பங்கு உழைத்தால் வருமென்று தோன்ற வேண்டும். மிச்சம் எட்டாமல் இருந்தால் பரவாயில்லை.

கோயில்ல பல வருஷமா ஆர்கன் வாசிக்கேன். பாமாலை எல்லாம் நாலு குரல்லயும் கண்ணை மூடிட்டு வரும். பியானோ பீஸ்னு உக்காந்தா கை ஓட மாட்டேங்கு. எனக்கு எந்த நிலை புக்? – நாசரேத்

அண்ணாச்சி, உங்கள் கண் ஏழாம் கிரேடு, கை நாலாம் கிரேடு. நம் பக்கத்து ஆர்கன்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான். நாலு குரலை ஒரே பார்வையில் படிக்கிற அந்தத் திறமைக்காக டிப்ளமா பிள்ளைகளே ஏங்குவார்கள். ஆகவே தொடக்கநிலைப் புத்தகம் வாங்கி உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

மேலே சொன்ன ஷூமான் ஆல்பத்தையே எடுங்கள். நாலாவது பீஸ் ஒரு கோரல், ஞானப்பாட்டு மாதிரியே நாலு குரல். முதல் நாளே வந்துவிடும். பிறகு 42-ஆவதைத் திறங்கள். அதே ராகத்தைச் சுற்றி நகரும் குரல்களைப் பின்னியிருக்கிறார். தெரிந்த பாட்டு கையில் இருக்க, அதன்மேல் விரல் ஓட்டம் மட்டும் புதுசு. உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

அடுத்து மெண்டல்சனின் சொற்களில்லாப் பாடல்கள், மொத்தம் 48. ஓபஸ் 30-இன் மூன்றாவது ஒரு பாமாலை போலவே நடக்கும். அதில் தொடங்குங்கள். பியானோ பெடல் ஆர்கன் பெடல் இல்லை என்பது இதில்தான் காலுக்குப் புரியும்.

காணிக்கை எடுக்கிற நேரத்துக்கு என்ன வாசிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கே வேண்டுமானாலும் மெதுவாக நிறுத்திக்கொள்ளக்கூடிய பீஸ்தான் அங்கே தேவை. பை எப்போது பீடத்துக்குத் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்! பாக்கின் வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகத்தின் சி மேஜர் பிரிலூட், கிரீக்கின் ஓபஸ் 12 அரியெட்டா, இந்த இரண்டும் போதும். அந்த அரியெட்டா ராகம் கிரீக்குக்கே மறக்கவில்லை. லிரிக் பீசஸ் பத்துப் புத்தகம், 66 பீஸ் எழுதி முடிக்கும்போது கடைசிப் பீஸில் அதையே வால்ட்ஸாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்.

டிப்ளமாவுக்குப் படிக்கேன். அர்டெக்ஸ்ட் பதிப்புதான் வாங்கணும்னு சொல்லுதாங்க. விலையைக் கேட்டா தலை சுத்துது. உண்மையிலேயே அவசியமா? – தூத்துக்குடி

எல்லாருக்கும் இல்லை. உங்களுக்கு அவசியம், அதுவும் சில இசையமைப்பாளர்களுக்கு மட்டும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மேலே காணிக்கை நேரத்துக்குச் சொன்ன பாக்கின் அதே சி மேஜர் பிரிலூட்டின் பார்களை (நெட்டுக்கோடு போட்டுப் பிரித்த கட்டங்களை) எண்ணுங்கள். 35 இருந்தால் சரி. 36 இருந்தால், 22-க்கும் 23-க்கும் நடுவே பாக் எழுதாத ஒரு பார் நுழைந்திருக்கிறது. பேஸ் வரியில் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குப் போகிற இடம் யாரோ ஒருவர் காதுக்கு இடித்திருக்கிறது, நிரவிவிட்டார். 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் அது அப்படியே தொடர்ந்தது. கூனோ அதன்மேல்தான் ஆவே மரியா ராகத்தைப் போட்டார். பார் மட்டும் இல்லை, பழைய பதிப்புகளின் பாக்கில் நீங்கள் பார்க்கும் கிரெசெண்டோ (சத்தம் ஏற்றும் குறி), ஸ்லர் (நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு), வேகக் குறி எல்லாம் பெரும்பாலும் பதிப்பாசிரியர் போட்டவை. பாக் கையெழுத்தில் அவை அநேகமாக இல்லவே இல்லை. எது இசையமைப்பாளர் எழுதினது, எது மற்றவர் சேர்த்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் அர்டெக்ஸ்ட்டின் வேலை.

அதனால் பாக், மொட்சார்ட், பீத்தோவன் மூவருக்கும் காசைச் சேர்த்து வாங்குங்கள். ஹென்லேயின் நீல அட்டை, வீனர் அர்டெக்ஸ்ட், பேரன்ரைட்டர், எதுவானாலும் சரி. பீத்தோவனுக்கு, கிரேடு பரீட்சை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் வெளியிட்ட பேரி கூப்பர் பதிப்பு என் விருப்பம். வழக்கமான 32 சொனாட்டாக்களோடு சின்ன வயசில் எழுதின மூன்றையும் சேர்த்து 35, மூன்று வால்யூம். எப்படி வாசிப்பது என்ற குறிப்புகளும் விரிவாக இருக்கின்றன. ஒரு வால்யூமாக வாங்கினால் தலை சுற்றாது. சோபினுக்கு எக்கியர் தொகுத்த போலந்து தேசியப் பதிப்பு.

இன்வென்ஷன் மட்டும் போதுமென்றால் ஆல்ஃபிரட் பதிப்பைப் பாருங்கள். பாக் எழுதினது கறுப்பிலும் பதிப்பாசிரியர் யோசனைகள் சாம்பல் நிறத்திலும் அச்சாகியிருக்கும். மலிவில் நல்ல ஏற்பாடு. ஷூமான், கிரீக், மெண்டல்சனுக்கு மஞ்சள் அட்டை ஷிர்மரே தாராளம்.

ஹென்லே தன் பீஸ்களுக்கு 1 முதல் 9 வரை கஷ்ட எண் போடுகிறது. 4 முதல் 6 நடுத்தரம், அதற்குமேல் கடினம். புத்தகம் வாங்காவிட்டாலும் அந்தப் பட்டியலைப் பார்த்து எது எட்டும் என்று முடிவுசெய்யலாம்.

எங்கிட்ட இருக்கது 61 கீ கீபோர்டுதான். பெரிய பீஸ் எதுவும் வாசிக்க முடியாதா? – தென்காசி

முடியும். வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகம் நாலு ஆக்டேவுக்குள் எழுதினது, உங்கள் கீபோர்டில் இடம் மிச்சம் இருக்கும். ஸ்கார்லாட்டியிலும் நிறைய அடங்கும். மொட்சார்ட் வாசித்த பியானோவிலும் 61 கீதான், ஆனால் அது எஃப்-இல் தொடங்கியது. உங்களுடையது சி-யில் தொடங்கும். ஆகவே அவருடைய அடிநோட்டுகள் சிலது உங்களிடம் இருக்காது. சோபின் வாங்காதீர்கள், இடது கை பாதி நேரம் காற்றில் இருக்கும். அந்தப் பணத்தில் முதலில் ஒரு சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்தாலும் சத்தத்தை நீட்டுகிற கால் மிதி) வாங்குங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறாத கீபோர்டு என்றால் ஐந்தாம் கிரேடுக்குமேல் எந்தப் புத்தகமும் பிரயோசனப்படாது.

இன்டர்நெட்டுல இருந்து இறக்கி ஜெராக்ஸ் போட்டுக்கிட்டா தப்பா? – பல பேர்

இசையமைப்பாளர் இறந்து 60 வருஷம் கழிந்தால் இந்தியாவில் அந்தப் படைப்பு பொதுச்சொத்து. 1945-இல் இறந்த பார்டோக், 1953-இல் இறந்த புரோகோஃபியெவ் இருவரும் இப்போது பொதுவில். 1975-இல் இறந்த ஷோஸ்டகோவிச்சும் 1987-இல் இறந்த கபலெவ்ஸ்கியும் இல்லை. பாக் பொதுச்சொத்து என்பதற்காக நேற்று வந்த பதிப்பை ஸ்கேன் பண்ணலாம் என்று அர்த்தம் இல்லை, பதிப்பாசிரியர் உழைப்புக்குத் தனி உரிமை உண்டு. இசைத் தாள்களை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி இணையதளத்தில் பழைய பதிப்புகள் ஏராளம். 36 பார் கதை அங்கேயும் உண்டு என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

அச்சடிக்கும்போது தடித்த தாள் சொல்லுங்கள், மெல்லிசுத் தாள் ஃபேன் காற்றில் ஸ்டாண்டிலிருந்து பறக்கும். இசைப் புத்தகம் ஏ4-ஐவிடப் பெரியது, சுருக்கினால் நோட்டெல்லாம் கடுகாகிவிடும். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டுப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டு புக்? – மேலப்பாளையம்

பெரும்பாலும் மேலே ராகம், அதற்குமேல் கார்டு பெயர், அவ்வளவுதான் இருக்கும். அதைக் குறையென்று நினைக்காதீர்கள், இடது கையை நீங்களே கட்டப் பழக அது நல்ல பயிற்சி. ஆனால் கிரேடு புத்தகத்துக்கு மாற்று ஆகாது.

பிள்ளைக்குச் சின்னக் கை, ஆக்டேவே எட்ட மாட்டேங்கு. ஆறாம் கிரேடு. – அம்பாசமுத்திரம்

ராக்மானினோவ், பிராம்ஸ் பக்கமே போக வேண்டாம். ஸ்கார்லாட்டி 555 சொனாட்டா எழுதியிருக்கிறார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு சின்ன வால்யூம், கூடவே ஹைடன் சொனாட்டாக்கள். வேகமும் துள்ளலும் இருக்கும், கை விரிய வேண்டியதில்லை. சோபின் ஆசை இருந்தால் ஓபஸ் 28 பிரிலூட்களில் நாலாவதும் ஆறாவதும். எட்டாத கார்டைக் கட்டாயப்படுத்தி விரிக்க விடாதீர்கள், மணிக்கட்டு வலி வந்தால் மாசக்கணக்கில் உட்கார வைத்துவிடும்.

மழைக்காலத்துல புக்ல பூச்சி விழுது. – கடையம்

ராமபாணப் பூச்சி. பியானோமேல் அடுக்கி வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தினமும் புரட்டுகிற புத்தகத்தில் அது தங்காது.

அக்காவும் தம்பியும் பியானோவுக்குச் சண்டை போடுதாங்க. அக்கா ஏழாம் கிரேடு, தம்பி ரெண்டாம் கிரேடு. ரெண்டு பேருக்கும் ஒரே புக் உண்டா? – பெருமாள்புரம்

உண்டு. டியாபெல்லி ஓபஸ் 149, ஒரே பியானோவில் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற தொகுப்பு. மேல்பக்கம் வாசிப்பவருக்கு ஐந்தே நோட்டு, கை நகராது. கீழ்ப்பக்கம் தேர்ந்தவருக்கு. தம்பி வளர்ந்த பிறகு டுவோர்ஷாக்கின் ஸ்லாவோனிக் நடனங்கள், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் வாங்கலாம். இரண்டுமே முதலில் நாலு கைக்கு எழுதப்பட்டவைதான், யாரோ சுருக்கினது இல்லை. அக்காவைக் கீழ்ப்பக்கம் உட்கார வையுங்கள், பெடலும் அவள் காலிலேயே இருக்கட்டும். பக்கம் திருப்புவது யார் என்பதை வாசிக்கத் தொடங்குமுன்பே முடிவுசெய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சண்டை அதற்குத்தான்.