விருந்து முந்தியா, விற்பனை முந்தியா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள் விருந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வெள்ளி விடியும் முன்பே தள்ளுபடியில் டிவி வாங்கக் கடை வரிசையில் நிற்கப் போகிறானாம். இருப்பதற்கு நன்றி சொன்ன கையோடு இல்லாததற்குப் பறப்பதா? நல்ல நாளை வியாபாரிகள் கெடுத்துவிட்டார்கள் அல்லவா?

பதில்: கெடுத்தது இருக்கட்டும். அந்த நாளுக்குத் தேதி குறித்ததிலேயே வியாபாரிகளின் கை உண்டு, தெரியுமா?

1863-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார் லிங்கன். 1939-இல் நவம்பருக்கு ஐந்து வியாழன். கடைசி வியாழன் 30-ஆம் தேதி. விருந்து முடியுமுன் கிறிஸ்துமஸ் விளம்பரத்தைத் தொடங்கக் கடைக்காரர்களுக்கு அன்றைக்கு ஒரு கூச்சம் இருந்தது. (அதெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது.) 30 வரை காத்திருந்தால் விற்பனைக்கு மூன்றரை வாரம்கூட மிஞ்சாது. பொருளாதார மந்தம் வேறு. அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் போய் முறையிட்டார்கள். அவரும் பண்டிகையை 23-ஆம் தேதிக்கு நகர்த்திவிட்டார்!

நாடே இரண்டுபட்டது. ஏறக்குறைய பாதி மாநிலங்கள் 23 என்றன, மற்றவை 30 என்று முறுக்கிக்கொண்டன. டெக்சாஸ் இரண்டு நாளும் கொண்டாடியது. நன்றி நாளை ஒட்டிக் கல்லூரிக் கால்பந்துக்குத் தேதி குறித்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அட்லாண்டிக் சிட்டி மேயர், பண்டிகையின் ஆங்கிலப் பெயரான 'தேங்க்ஸ்கிவிங்'கில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பெயரை ஒட்டவைத்து, 'ஃபிராங்க்ஸ்கிவிங்' என்று நக்கலடித்தார். இத்தனை கூத்துக்கும் விற்பனை ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை என்று 1941-இல் ரூஸ்வெல்ட்டே ஒப்புக்கொண்டார். அந்த வருடக் கடைசியில்தான் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தது.

அப்புறம், பழியை வியாபாரி தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 2008-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், விருந்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை 5 மணி வாக்கில், கதவைப் பெயர்த்துக்கொண்டு பாய்ந்த கூட்டத்தின் காலடியில் கடையின் தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். ஆள் செத்துவிட்டார், கடையை மூடுகிறோம் என்றதற்கு, எவ்வளவு நேரமாக வரிசையில் நிற்கிறோம் தெரியுமா என்று எகிறினார்கள் சிலர். அவர்களும் முந்தின நாள் விருந்து சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

அதுசரி, அந்த டிவி யார் வீட்டுக்கு என்று மகனிடம் கேட்டீர்களா?