லண்டன் ரிவி லைசன்ஸ்: கதவைத் தட்டினால் என்ன செய்வது?

லண்டனில் 17 வருடம் இருந்துவிட்டு திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பி வந்தவன் நான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, நம் ஆட்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். அதில் ரிவி லைசன்ஸ் கடிதம் இல்லாத கிழமையே கிடையாது. போன வாரம் இதைப்பற்றி இரண்டு வரி எழுதப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. வந்தவற்றுக்குப் பதில் இதோ, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

நிலாவெளி: மகன் லண்டனில். ரிவி பார்க்க லைசன்ஸ் வேணுமாம், உண்மையா?

உண்மைதான் அக்கா. நம் நாட்டிலும் ரேடியோவுக்கு லைசன்ஸ் இருந்ததே. அப்பா தபாற்கந்தோரில் காசு கட்டி எடுத்த லைசன்ஸை நாலாக மடித்து, ரேடியோப் பெட்டி மேலே அம்மா பின்னிப் போட்ட விரிப்புக்குக் கீழே வைத்திருப்பார். பிரித்தானியாவில் 1922இல் ரேடியோவுக்கு 10 ஷில்லிங் என்று தொடங்கியது, 1946இல் ரிவிக்கு 2 பவுண் வந்தது, 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண் ஆனது. ஒரு வீட்டில் எத்தனை ரிவி இருந்தாலும் ஒரு லைசன்ஸ் போதும். அந்தக் காசில்தான் பிபிசி அங்கே விளம்பரம் இல்லாமல் நடக்கிறது.

அன்புவழிபுரம்: சித்தப்பா பிபிசி பக்கமே போவதில்லை. பெட்டி பூட்டி சன் ரிவி சீரியல் மட்டும்தான் பார்க்கிறார். அவருக்கும் வேணுமா?

வேணும். நம் ஆட்கள் அதிகம் பிழை விடுகிற இடமே இதுதான். எந்த நாட்டுச் சனலாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், ஒளிபரப்பாகிற நேரத்திலேயே நேரடியாகப் பார்த்தால் லைசன்ஸ் வேணும், போனில் பார்த்தாலும் அப்படித்தான். 2016 செப்டெம்பரில் இருந்து பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்ப்பதற்கும் வேணும். யூடியூப்பில் ஏற்கெனவே ஏற்றிவைத்த வீடியோ, நெட்ஃபிளிக்ஸ் படம், இவை மட்டும் என்றால் தேவையில்லை, அப்படித் தேவையில்லை என்று லைசன்ஸ் அலுவலகத்துக்கு அறிவித்துவிடலாம்.

கிண்ணியா: லண்டனில் தங்கச்சி வீட்டுக்கு லைசன்ஸ் பார்க்கிற ஆள் வந்து தட்டினாராம். வாப்பா இங்கே நித்திரை இல்லாமல் இருக்கிறார். உள்ளே விடத்தான் வேணுமா?

வாப்பாவிடம் சொல்லுங்கள், வருபவர் பொலிஸ் இல்லை. நீதிமன்றத் தேடுதல் ஆணை கையில் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வர அவருக்கு உரிமை கிடையாது, கேள்விக்குப் பதில் சொல்ல வேணும் என்ற கட்டாயமும் தங்கச்சிக்கு இல்லை. மரியாதையாகக் கதவைச் சாத்தலாம்.

நான் பார்த்த ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு அக்கா, இரண்டு சின்னப் பிள்ளைகள், புருஷன் இரவு வேலை. வந்தவர் கேட்டதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி, நீட்டின படிவத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டார். மண்டபத்தில் என்னிடம் அந்தத் தாளை நீட்டும்போது, தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் அதில் அப்படியே இருந்தது. ரிவி பார்க்கிறேன், லைசன்ஸ் இல்லை என்று அவர் தன் வாயால் ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. வழக்கில் சாட்சி பெரும்பாலும் அந்தக் கையெழுத்துத்தான்.

2003ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டப்படி இது குற்றவியல் வழக்கு, தண்டம் 1,000 பவுண் வரை போகும். இதற்காக நேரே சிறை இல்லை, ஆனால் தண்டத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் சிறை வரை இழுக்கும். தண்டனை பெறுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பது அவர்கள்தானே. இது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

உவர்மலை: வான் வண்டி ஒன்று தெருவில் சுற்றி, ரிவி ஓடுகிற வீட்டைக் கண்டுபிடிக்குமாமே?

அப்படி வான் 1952இலேயே வந்தது. இப்போது முக்கிய ஆயுதம் விலாசப் பட்டியல். லைசன்ஸ் இல்லாத விலாசங்களுக்குக் கடிதம் மேல் கடிதமாகப் போகும்.

பாலையூற்று: மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள், லப்டொப் மட்டும்தான் இருக்கு.

பெற்றோர் வீட்டில் லைசன்ஸ் இருந்தால், மின்சாரத்தில் செருகாமல் பற்றரியில் பார்க்கிற மாணவருக்கு அதுவே செல்லும். ஆனால் நீங்கள் இருப்பது பாலையூற்றில். நேரடியாகப் பார்ப்பதென்றால் மகள் தனியாக எடுக்கத்தான் வேணும்.

தம்பலகாமம்: ஜேர்மனியில் தம்பி. நாலு பேர் ஒரே வீடு, நாலு பேரும் கட்டுவதா?

இல்லை, வீட்டுக்கு ஒருவர் கட்டினால் சரி, மாதம் 18.36 யூரோ. 2013இல் இருந்து ரிவி இருக்கா இல்லையா என்று பார்ப்பதே இல்லை, வீடு இருந்தால் கட்டணம். அகதி உதவிப்பணம் எடுப்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான். கட்டாமல் விட்டால் மேலதிகக் கட்டணமும் அறவீடும் வரும், ரிவி பார்த்தாயா என்று கதவில் நின்று விசாரிக்கிற ஆள் வரமாட்டார். எனக்கு இந்த முறைதான் சரி என்று படுகிறது.

சாம்பல்தீவு: இவ்வளவு கரைச்சல் என்றால் பிரான்ஸ் மாதிரி கட்டணத்தையே நிறுத்திவிடலாமே?

பிரான்ஸ் 2022இல் 138 யூரோக் கட்டணத்தை நிறுத்தி, வரிக்காசில் இருந்து கொடுக்கிறது. சுவிஸில் 2018இல் கட்டணத்தை நிறுத்துவதா என்று மக்களிடமே கேட்டார்கள், 71.6 சதவீதம் பேர் நிறுத்த வேண்டாம் என்று தடுத்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். சண்டை நேரம், கரண்ட் இல்லாத இரவில், ஒன்பது மணி தாண்டினதும் ரேடியோவைக் காதோடு வைத்து, பிபிசி உலக சேவையின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை கேட்ட ஊர் இது. ஒன்று சொல்ல வேணும், அந்தக் காலத்தில் தமிழோசைக்குக் காசு வந்தது பிரித்தானிய வெளிவிவகார அமைச்சில் இருந்து, 2014 ஏப்ரலில்தான் உலக சேவையின் செலவு லைசன்ஸ் காசுக்கு மாறியது, தமிழோசை ரேடியோ 2017 ஏப்ரலோடு நின்றது. காசு யார் கையில் இருந்து வருகிறதோ அந்தக் கை ஒருநாள் இறுக்கும். அது அமைச்சரின் கையாக இருப்பதைவிட, வீட்டுக்கு வீடு கொஞ்சமாக வருவது நல்லது. நீதிமன்றத்தை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம் என்கிறேன்.

மூதூர்: அண்ணன் இங்கிலாந்தில். நீதிமன்றக் கடிதம் வந்து இரண்டு கிழமை, அலுமாரியில் வைத்துவிட்டாராம்.

உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நீதவான் தனியாக உட்கார்ந்து கடதாசியை மட்டும் பார்த்துத் தீர்க்கிற முறை அது, பதில் போட 21 நாள்தான். பதில் போகாவிட்டாலும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கமும் சேர்த்து, படம் எடுத்து இன்றிரவே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வருமானம் கேட்கிற படிவம் ஒன்று உள்ளே இருக்கும், தண்டத்தை அதைப் பார்த்துத்தான் போடுவார்கள், அதை வெறுமையாக விடவே வேண்டாம்.