தனியாக வேனில் ஓராண்டு: சக பயணியின் பங்கை வரவாக எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. வேலையை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்து, ஓராண்டு தனியாகச் சுற்றிவர இருக்கிறேன். சேமிப்பில் பாதி வேனுக்கு, மீதி வழிச்செலவுக்கு. வழியில் சந்திக்கும் பயணிகளோடு பகிர்ந்துகொண்டால் மாதச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டுள்ளேன். இது சரிதானா?

பதில்: சரியில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கை முதலில் அடித்துவிடுங்கள். இன்னும் முகம் பார்க்காத ஒருவர் தரப்போகும் பணத்தை வரவில் எழுதக் கூடாது என்பது ஒருபுறம் இருக்க, சந்தித்த பிறகும் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் மிச்சமாவதில்லை. இருவர் இரண்டு வேன்களில் முன்னும் பின்னுமாகப் போனால் இரண்டு டேங்க் டீசல்தான் எரியும். காப்பீடும் டயர் தேய்மானமும் அவரவர் வண்டிக்கு அவரவர் பாடு. ஒரு வண்டியை நிறுத்திவிட்டு மற்றொன்றில் இருவரும் போய்வரும் நாளில் மட்டுமே எரிபொருள் செலவு பாதியாகும்.

உண்மையான மிச்சம், நல்ல துணை கிடைத்த இடத்தில் நீங்கள் தங்கிவிடுவதில் இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வேனை மாதத்தில் 20 நாள், நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டினால் 400 லிட்டர் வேண்டும். எட்டு நாள் மட்டும் ஓட்டினால் 160 லிட்டர் போதும். தனியாகப் போகிறவர்கள் பேச ஆளில்லாத சலிப்பிலேயே அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். வேகத்தையும் கவனியுங்கள்: மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், வேனின் உயரமான முகப்புக்கு அது கணிசமான செலவு.

சேமிப்பை நீங்கள் பங்கிட்டதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. திரும்பி வந்த மறுநாளுக்கு அதில் ஒன்றுமே இல்லை. வேலை தேடும் காலத்துக்கென ஆறு மாத வாழ்க்கைச் செலவை முதலில் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். எஞ்சியதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேனுக்குப் போக வேண்டாம், அதிலும் கால் பங்கைப் பழுதுபார்க்க வைத்திருங்கள். வேன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் உங்கள் வீடும் அதோடு போய்விடும். பழுதுக்கான கூலியோடு அத்தனை இரவுக்கும் அறை வாடகையும் சேரும். வேன் வாங்க ஆலோசனை கேட்பவர்கள் சோலார் பேனலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், டயரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளத்தாலும் அத்தனை வயதான டயரை மாற்றும் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது ஏற்றிக்கொண்டு பணம் வாங்குவதாக இருந்தால் காப்பீட்டை முன்கூட்டியே பாருங்கள். எரிபொருள் செலவைப் பகிர்வது வேறு, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கான பாலிசி பொதுவாக இரண்டாவதை ஏற்பதில்லை. வேனுக்குள் செய்யும் மாற்றங்களையும், வேறொருவர் ஓட்டுவதாக இருந்தால் அதையும், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். எல்லை தாண்டுவதானால் சில நாடுகள் வண்டிக்கு ‘கார்னே’ என்னும் சுங்க ஆவணம் கேட்கும். அதற்குக் கட்டும் வைப்புத்தொகை பயணம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும்.

பொதுச் செலவை அன்றன்று இரவே தீர்த்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் வடக்கே போகலாம், நீங்கள் தெற்கே போகலாம். கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் உறுத்தாத தொகையை மட்டும் கொடுத்து, அன்றே செலவில் எழுதிவிடுங்கள். இந்தப் பங்கீட்டின்படி வழிச்செலவு எட்டு மாதத்துக்குத்தான் வருகிறது என்றால், பயணத்தையும் எட்டு மாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.